தப்பாகச் சொல்லப்படும் கதைகள்: ஜானி ரொடாரியை வாசித்தல்

1

மூன்று வருடங்களுக்கு முன் எட்டு மாதம் ஜெர்மனியில் ஆன்சைட்டில் இருந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. சென்னையில் அவள் படுக்கப்போகும் ஒன்பது மணி எனக்குச் சாயங்காலம் ஐந்தரை. அலுவலகத்தில் அது மீட்டிங் நேரம். தினமும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய் வீடியோ காலில் ஒரு கதை சொல்வேன். கிடைப்பது பத்து நிமிடம்தான், அதிலும் ஆறாவது நிமிடத்திலேயே யாராவது என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் என் இளவரசர்கள் எல்லாரும் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அரக்கர்கள் சண்டை போடாமலேயே செத்தார்கள்.

இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த இத்தாலியச் சக ஊழியர் ஒருவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: எங்கள் ஊரில் ஒருவர் இதை ஏற்கெனவே புத்தகமாக எழுதிவிட்டார், நாங்கள் எல்லாரும் பள்ளியில் அதைப் படித்துத்தான் வளர்ந்தோம். அப்படித்தான் ஜானி ரொடாரி என்ற பெயர் எனக்கு அறிமுகமானது. புத்தகத்தின் பெயர் ‘தொலைபேசிக் கதைகள்’. 1962இல் எய்னாவுதி பதிப்பகம் வெளியிட்டது, ஓவியங்கள் புரூனோ முனாரி. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல்தான் அமெரிக்காவில் வந்தது. அந்த வாரமே வாங்கினேன்.

வரேஸே நகரத்துக்காரர் பியாங்கி. மருந்து விற்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுக்கச் சுற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் திங்கள் காலை மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டும். கதை கேட்காமல் தூங்காத ஒரு மகள் அவருக்கு இருக்கிறாள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு எங்கிருந்தாலும் போன் போட்டு ஒரு கதை சொல்கிறார். அவர் சொன்ன கதைகள்தான் புத்தகம். கதைகள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்பதற்கும் ரொடாரி ஒரு காரணம் வைத்திருக்கிறார்: வெளியூர் அழைப்புக்குப் பியாங்கி தன் கையிலிருந்து காசு கட்டுகிறார். வியாபாரம் நன்றாக நடந்த நாளில் கதை கொஞ்சம் நீளும். அவர் பேச ஆரம்பித்ததும் தொலைபேசி நிலையத்துப் பெண்கள் மற்ற இணைப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டுக் கதை கேட்பார்கள் என்று ஒரு வரி வேறு.

படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமானது பிறகுதான் புரிந்தது. இந்தக் கதைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது ஒரு தகப்பனின் சம்பளம். வர்ணனைக்குக் காசில்லை. கடைசியில் நீதி சொல்லி முடிக்கக் காசில்லை. உழைப்பு, நேரம், கூலி என்று ரொடாரி கட்டுரையில் எழுதக்கூடிய எல்லாவற்றையும் ஒரு கதையின் நீளத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டார். கேட்கிற குழந்தைக்கு அது தெரிய வேண்டியதில்லை. போனைக் கட் செய்கிற அப்பாவுக்குத் தெரியும்.

2

ரொடாரி 1920 அக்டோபர் 23 அன்று வடக்கு இத்தாலியில் ஒர்த்தா ஏரிக்கரையில் இருக்கும் ஓமேக்னாவில் பிறந்தார். அப்பா ரொட்டிக்கடைக்காரர். அவரைப் பற்றிய கடைசி ஞாபகத்தை ரொடாரி பிற்காலத்தில் ஒரே ஒரு பத்தியில் எழுதியிருக்கிறார். கொட்டும் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு தவித்த ஒரு பூனைக்குட்டியைக் காப்பாற்ற அப்பா வெளியே போகிறார். தெப்பலாக நனைந்து திரும்பி வந்து, ரொட்டி சுடும் அடுப்பில் முதுகைச் சாய்த்து நடுங்கிக்கொண்டே நிற்கிறார். ஒரு வாரத்தில் நிமோனியாவில் இறந்துபோகிறார். அன்றைக்குப் பென்சிலின் இல்லை.

இந்த ஞாபகம் வரும் இடம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கதை உருவாக்குவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு எழுதிய ‘கற்பனையின் இலக்கணம்’ நூலில், ஒரு வார்த்தை மனதுக்குள் விழுந்தால் என்னென்ன ஞாபகங்களைக் கிளப்பும் என்பதற்கு உதாரணமாக வருகிறது. தன் வாழ்க்கையின் பெரிய துக்கத்தைப் பாடப்புத்தகத்தில் ஒரு எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார். இந்தக் கூச்சம் அவர் எழுத்து முழுக்க உண்டு.

அப்பா போன பிறகு குடும்பம் அம்மாவின் ஊரான கவிராத்தேவுக்கு வந்தது. கொஞ்ச காலம் பாதிரியார் பயிற்சிப் பள்ளி, பிறகு ஆசிரியர் படிப்பு. 17 வயதில் சான்றிதழ் வாங்கிவிட்டார். 1937-38 குளிர்காலத்தில், ஹிட்லரிடமிருந்து தப்பி இத்தாலிக்கு வந்திருந்த ஒரு யூதக் குடும்பத்தின் குழந்தைகளுக்கு இத்தாலி மொழி சொல்லிக்கொடுத்தார். இங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்று அந்தக் குடும்பம் நம்பியது. 1938இல் முசோலினியும் இனச் சட்டங்களைக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் இருந்த நாட்களில்தான் அவர் நோவாலிஸைப் படித்தார். தர்க்கத்துக்கு ஒரு சாஸ்திரம் இருப்பதுபோல் கற்பனைக்கும் இருந்தால் கண்டுபிடிக்கும் கலை நம் கைக்கு வந்துவிடும் என்ற யோசனை அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை ஒரு புத்தகமாக எழுதி முடிக்க 35 வருடம் ஆனது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. வறுமையில் வேலைக்காக பாசிஸ்ட் கட்சி அலுவலகத்தை நாடி, அந்தக் கட்சியில் உறுப்பினராகவும் இருந்தவர் ரொடாரி. உடல்நிலை காரணமாக ராணுவத்துக்குப் போகவில்லை. போரில் நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். தம்பி சேஸாரே ஜெர்மன் முகாமில் அடைக்கப்பட்டார். 1944இல் ரொடாரி எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து கம்யூனிஸ்ட் ஆனார். தீவிர இடதுசாரி எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்பில் முதல் நாளிலிருந்தே தெளிவாக இருந்தவர்களைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். ரொடாரி அப்படி இல்லை. ஒருமுறை தப்பான பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பியவர். பிழைகளைப் பற்றி அவர் பிறகு எழுதியதை எல்லாம் இந்த ஞாபகத்தோடுதான் நான் படிக்கிறேன்.

3

போருக்குப் பின் கட்சிப் பத்திரிகையான ‘லூனித்தா’வில் நிருபர். குழந்தைகளுக்கு எழுதும் எண்ணமெல்லாம் இல்லை. பத்திரிகையில் குழந்தைகள் பகுதி தேவைப்பட்டது, வாத்தியார் வேலை பார்த்தவர் என்று இவர் தலையில் கட்டினார்கள். 1950இல் கட்சி ‘இல் பியோனியெரே’ என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியபோது அவரை ரோமுக்கு அனுப்பி ஆசிரியர் ஆக்கியது. 1951இல் முதல் பாடல் தொகுப்பும் ‘சிப்பொல்லினோ’ நாவலும் வந்தன.

சிப்பொல்லினோ என்றால் குட்டி வெங்காயம். எலுமிச்சை இளவரசரின் காலைத் தெரியாமல் மிதித்ததற்காக வெங்காயப் பையனின் அப்பாவைச் சிறையில் போடுகிறார்கள். பரங்கிக்காய்த் தாத்தா வாழ்நாள் முழுக்கச் செங்கல் செங்கலாகச் சேர்த்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு ஒரு குட்டி வீடு கட்டுகிறார். நிலம் செர்ரிச் சீமாட்டிகளுடையது என்று தக்காளிப் பிரபு வந்து அதையும் பிடுங்குகிறார். மழைக்கு வரி, மூச்சுக்கு வரி. கடைசியில் காய்கறிகள் கிளர்ந்தெழ, கோட்டை குழந்தைகளின் கையில் வருகிறது.

இந்தக் காலத்தில் ரொடாரிக்கு இரண்டு பக்கமும் அடி. திருச்சபை அவரைக் குழந்தைகளைக் கெடுப்பவர் என்று கண்டித்தது. சொந்தக் கட்சியிலும் நிம்மதி இல்லை. 1951 டிசம்பரில் கட்சியின் தலைவர்களில் ஒருவரான நில்தே யோத்தி, காமிக்ஸ் என்பது அமெரிக்கச் சரக்கு, அது குழந்தைகளின் வாசிப்பைக் கெடுக்கும் என்று கட்சியின் கோட்பாட்டு இதழான ‘ரினாஷித்தா’வில் எழுதினார். காமிக்ஸ் ஒரு வடிவம், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று ரொடாரி பதில் எழுதினார். அந்தப் பதிலுக்குக் கீழேயே, கட்சித் தலைவர் தொல்யாத்தி அதை மறுத்து ஒரு குறிப்பு போட்டார். 31 வயதுப் பத்திரிகைக்காரருக்குக் கட்சியின் தலைமைச் செயலாளர் அச்சில் கொடுத்த கொட்டு அது. ரொடாரி தொடர்ந்து காமிக்ஸ் போட்டார்.

ஆனால் சிப்பொல்லினோவை இன்றைக்கு ஒரு முதிர்ந்த வாசகனாகப் படித்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் ஒவ்வொருவரும் எந்தக் காய், எந்தப் பழம் என்பதிலேயே அவருடைய வர்க்கம் முடிவாகிவிடுகிறது. எலுமிச்சையாகப் பிறந்தவன் ஏறக்குறைய எலுமிச்சையாகவே இருப்பான். பிறப்பால் எல்லாம் முடிவாகிற ஒரு சமூகத்தில் வளர்ந்த எனக்கு இந்த உருவகம் உறுத்துகிறது. யார் கெட்டவன் என்று குழந்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. வாசலிலேயே பெயர்ப்பலகை இருக்கிறது. சிரிக்கலாம், கைதட்டலாம், அதைத் தாண்டி வாசகருக்கு அங்கே வேலை இல்லை.

சோவியத்தில் இந்த நாவல் அடைந்த புகழுக்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். 1961இல் அனிமேஷன் படம், 1974இல் கரேன் கச்சதூரியனின் பாலே. சொந்த ஊரில் பாடப்புத்தகங்களுக்குள் நுழைய முடியாத காலத்தில் மாஸ்கோவில் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அங்கே எலுமிச்சை இளவரசர் எப்போதும் அடுத்த நாட்டுக்காரர்தானே.

4

அதனால்தான் ஐம்பதுகளின் இறுதியில் வந்த ‘பொய்யர்களின் நாட்டில் ஜெல்சொமினோ’ எனக்கு இன்னும் முக்கியமான நாவலாகத் தெரிகிறது. ஒரு கொள்ளைக்காரன் ஒரு நாட்டைப் பிடித்து ராஜாவாகிறான். தன்னைக் கொள்ளைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் பொய்தான் பேச வேண்டும் என்று சட்டம் போடுகிறான். ரொட்டியை மை என்று சொல்லி விற்க வேண்டும். பூனை குரைக்க வேண்டும். நாளிதழின் பெயரே ‘உத்தமப் பொய்யன்’. உண்மை பேசுகிறவர்களுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்த நாட்டுக்குள் வாயைத் திறந்தால் கண்ணாடிகள் உடையும் அளவுக்குக் குரல் கொண்ட பையன் ஒருவன் வந்து சேர்கிறான்.

1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் புகுந்தன. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து பல எழுத்தாளர்கள் வெளியேறினார்கள், 1957இல் இத்தாலோ கால்வினோவும். ரொடாரி வெளியேறவில்லை. அதன் பிறகு வந்தது இந்த நாவல். இதை முசோலினி காலத்தின் கதையாக வாசிக்கலாம், இத்தாலியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார்கள். ஆனால் ‘உண்மை’ என்று பெயர் வைத்த கட்சி நாளிதழ் வெளிவந்த ஒரு நாட்டில் இந்தக் கதையைப் படித்த குழந்தைக்கு ஏதாவது தோன்றியிருக்காதா?

கட்சியில் தொடர்ந்தது அவருடைய குறை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நாட்களில் அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். ஜெல்சொமினோவின் குரலை எழுதியவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் அவர் எழுதிய கதை அவருடைய கட்சி அட்டையைவிடத் துணிச்சலானது. சிப்பொல்லினோவில் கெட்டவன் யாரென்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஜெல்சொமினோவில் ஒரு வழக்கம் எப்படிப் பொய்யாகிறது என்று காட்டுகிறார், அந்த வழக்கத்தை எந்த நாட்டுக் குழந்தையும் தன் நாட்டில் தேடிப் பார்க்கலாம். அவர் கதை அவரையே கேள்வி கேட்கிறது.

‘தொலைபேசிக் கதைகள்’ தொகுப்பில் இந்த வழி இன்னும் சுருங்கி, இன்னும் கூர்மையாகிறது. ஜாக்கமோ என்ற பையன் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடலோடு பிறக்கிறான். அவன் நினைப்பதெல்லாம் நெற்றிக்குள் வெளியே தெரியும். பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்வான், அதனால் சொல்வதே இல்லை. வளர்ந்த பிறகு நாட்டில் ஒரு கொடுங்கோலன் வருகிறான், எல்லாரும் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஜாக்கமோவால் வாயை மூட முடியும், நெற்றியை மூட முடியாது. அவனைச் சிறையில் போடுகிறார்கள். சிறைச் சுவரும் கண்ணாடியாகிவிடுகிறது, வெளிச்சம் ஊரெல்லாம் பரவுகிறது, கொடுங்கோலனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. மொத்தம் இரண்டு பக்கம். கொடுங்கோலன் ஏன் கெட்டவன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. என் மகள் கேட்ட ஒரே கேள்வி: “அவன் ஏன்ப்பா தொப்பி போட்டுக்கல?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: “போட்டா சுடும்ல.”

5

“குழந்தைங்க கதையில எதுக்கு மச்சி அரசியல்?” என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கும் ஒரு பையன் இருக்கிறான். அரசியல் இல்லாத கதையே கிடையாது, ராஜா ராணி கதையும் அரசியல்தான் என்பது இதற்கு வழக்கமான பதில். அது சரியான பதில்தான், ஆனால் போதாது. அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே நாம் மோசமான பிரச்சாரக் கதைகளையும் நியாயப்படுத்திவிட முடியும். ஒரு கதையில் அரசியல் இருக்கிறதா என்பதைவிட, அந்தக் கதையில் குழந்தைக்கு என்ன வேலை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது பயனுள்ளது. ரொடாரியின் பயணத்தை அப்படிப் பார்த்தால், ஒவ்வொரு புத்தகத்திலும் ஆசிரியரின் வேலை குறைந்து குழந்தையின் வேலை கூடிக்கொண்டே போகிறது.

‘தொலைபேசிக் கதைகள்’ தொகுப்பிலேயே ஒரு தாத்தா பேத்திக்குச் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைத் தப்புத் தப்பாகச் சொல்வார். தொப்பியின் நிறத்தை மாற்றுவார், காட்டில் ஓநாய்க்குப் பதில் வேறு மிருகம் வரும். பேத்தி ஒவ்வொரு வரியையும் திருத்துவாள். கதையைச் சொல்வது தாத்தா, கட்டிக் காப்பது பேத்தி. இதைப் படித்த அன்றே மகளிடம் முயற்சி செய்தேன்.

“ஒரு ஊர்ல ஒரு காக்கா பீட்சா சுட்டுக்கிட்டு இருந்துச்சாம்...”

“ஐயோ அப்பா! வடை! பாட்டி சுட்டாங்க! காக்கா சுடல!”

“ஓ, சரி. பாட்டி மரத்து மேல உக்காந்து...”

“நீ தப்பா சொல்ற!” அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எட்டு மாதத்தில் அவள் மீட்டிங்கைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தியது அன்றைக்குத்தான். நானும் கவலைப்படவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, குழந்தைகளுக்கான கற்றல் செயலி ஒன்றில் வேலை பார்த்தேன். படத்தைப் பார்த்துச் சரியான வார்த்தையைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் மணி அடிக்கும். தப்பாகத் தொட்டால் ஒரு கழுதை கத்தும். அந்தக் கழுதைச் சத்தத்தை விளையாட்டாகப் போட்டது நான்தான். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் தெரியவந்தது: குழந்தைகள் வேண்டுமென்றே தப்பாகத் தொடுகிறார்கள். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப, கழுதைக்காக. மீட்டிங் போட்டார்கள். கற்றல் விளைவு பாதிக்கப்படுகிறது, சத்தத்தை எடுத்துவிடலாம் என்று முடிவானது. நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வரி மாற்றம். கழுதை போய், செத்த மாதிரி ஒரு ‘டொக்’ வந்தது. தப்பு குறைந்தது. எல்லாருக்கும் திருப்தி.

1964இல் ரொடாரி ‘பிழைகளின் புத்தகம்’ வெளியிட்டார். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கதையோ பாட்டோ. சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ள முடிகிற ஒன்றை ஏன் அழுதுகொண்டு கற்க வேண்டும் என்பதுதான் அதன் முன்னுரையின் சாரம். அதைப் படித்தபோது எனக்குக் கழுதை ஞாபகம் வந்தது. பதினைந்து பேர் உட்கார்ந்த அந்த அறையில், அந்தக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் எதையும் தவறவிடவில்லை. சரியான விடை தெரிந்தால்தானே அதை வேண்டுமென்றே தவிர்க்க முடியும்? விதியைப் புரிந்துகொண்டு, அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் அதை பக் என்று பதிவு செய்து மூடினோம்.

அந்தப் புத்தகத்தில் இலக்கணப் பேராசிரியர் ஒருவர் வருகிறார். ரயிலில் போகும்போது, வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போகும் தென்னித்தாலியத் தொழிலாளர்களோடு ஒரே பெட்டியில் உட்கார நேர்கிறது. அவர்களில் ஒருவர் ‘போனேன்’ என்று சொல்லும்போது துணைவினையைத் தப்பாகப் போடுகிறார். இத்தாலி மொழியில் போவதைச் சொல்ல ‘இரு’ என்ற வினை துணைக்கு வர வேண்டும், அவர் ‘கொண்டிரு’ என்ற வினையைச் சேர்த்துவிடுகிறார். பேராசிரியர் திருத்துகிறார். தொழிலாளி மரியாதையாகவே பதில் சொல்கிறார்: நீங்கள் படித்தவர், நீங்கள் சொல்வது சரியாக இருக்கும், நான் இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவன். ஆனால் போவது என்பது எங்களுக்கு ரொம்ப வருத்தமான வினை, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு அடுத்தவர் ஊரில் வேலை தேடப் போவது. பேராசிரியர் வாயடைத்துப்போகிறார். நான் வினைச்சொல்லில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன், பெரிய பிழைகள் உலகத்தில் அல்லவா இருக்கின்றன என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

ரொடாரியின் அரசியல் முழுவதும் இந்த ஒரு ரயில் பெட்டிக்குள் இருக்கிறது என்பேன். இலக்கணத்தை அவர் கேலி செய்யவில்லை, பேராசிரியர் சொன்ன திருத்தம் சரியானதுதான். எதைத் திருத்துவதற்கு நாம் இவ்வளவு உழைப்பைச் செலவழிக்கிறோம், எதை அப்படியே விட்டுவைக்கிறோம் என்பதுதான் கேள்வி. வேலைக்காக ஜெர்மனிக்கு நானும் போனேன், விமானத்தில், நல்ல சம்பளத்தோடு. அந்தத் தொழிலாளியோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஆனால் ‘டொக்’ சத்தத்தைப் போட்டவன் என்ற முறையில் பேராசிரியரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

6

1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி ரொடாரியை அழைத்தது. லோரிஸ் மலகுட்சி போன்றவர்கள் புதிய வகை மழலையர் பள்ளிகளை வளர்த்துக்கொண்டிருந்த ஊர் அது. சுமார் 50 ஆசிரியர்களோடு ஒரு வாரம் பேசினார். அதிலிருந்து உருவானதுதான் 1973இல் வந்த ‘கற்பனையின் இலக்கணம்’. இரண்டு வருடம் முன்புதான் அவருக்கு ஆண்டர்சன் விருது கிடைத்திருந்தது. புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் தன் தொழில் ரகசியங்களை மொத்தமாக வாத்தியார்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஒரு பொறியாளனாக இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது கற்பனையை மந்திரமாகப் பேசுவதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வார்த்தைகளை எடு. நாய், அலமாரி. இரண்டையும் வேற்றுமை உருபுகளால் இணை: அலமாரிக்குள் நாய், அலமாரியோடு நாய், நாயின் அலமாரி. கதை தானாகப் பிறக்கும். ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்’ என்று கேள். பழைய கதையைத் தலைகீழாக்கு. விளதிமிர் பிராப் நாட்டார் கதைகளில் கண்டெடுத்த செயல்கூறுகளைச் சீட்டுகளாக்கிக் கலைத்துப் போடு. எல்லாம் செய்முறை, யாரும் செய்யலாம். எல்லாரையும் எழுத்தாளர் ஆக்குவது அவர் நோக்கமில்லை. பேசுவதற்கான எல்லா வழிகளும் தெரிந்த ஒருவனை அடிமையாக வைத்திருப்பது கஷ்டம் என்று அவர் நம்பினார். ‘சிப்பொல்லினோ’வில் கோட்டையைப் பிடித்துக் குழந்தைகளிடம் கொடுத்தவர், இங்கே கருவிப்பெட்டியைக் கொடுக்கிறார்.

ஒரு உத்தி தமிழில் வேலை செய்ய மறுக்கிறது, அதுவும் சுவாரசியமானது. இத்தாலி மொழியில் சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ஸ்’ சேர்த்தால் செயல் தலைகீழாகும். பீரங்கிக்கு முன்னால் அதைச் சேர்த்தால் போர் செய்யாமல், போரைக் கலைக்கும் ஒரு பீரங்கி கிடைக்கிறது. துணி மாட்டும் ஸ்டாண்டைத் தலைகீழாக்கினால், தேவைப்படுகிறவர்கள் துணியை எடுத்துக்கொண்டு போகலாம். அந்த நாட்டுக் கடைகளில் கல்லா இல்லை. ஒரே ஒரு எழுத்தில் ஒரு பொதுவுடைமை நாடு. தமிழில் நாம் எதிர்மறையை வினையின் வயிற்றில் வைக்கிறோம்: சுடாத பீரங்கி. ஆனால் சுடாத பீரங்கி சும்மா இருக்கும் பீரங்கிதான், அது போரைக் கலைக்காது. ‘அநீதி’ மாதிரி ‘அபீரங்கி’ என்று சொல்லிப் பார்த்தேன், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே ஒன்று கண்டுபிடித்தாள்: “கிரங்பீ. அது பின்னாடி சுடும். குண்டு எல்லாம் திரும்பி உள்ள போயிடும்.” என் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்தது.

7

ரொடாரியிடம் எனக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ‘தொலைபேசிக் கதைகள்’ தொகுப்பில் பலரும் கொண்டாடும் ஒரு கதையில், ரோம், பாரிஸ், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க், ஷாங்காய், போனஸ் அய்ரஸ் ஆகிய நகரங்களில் வாழும் ஏழு பையன்கள் உண்மையில் ஒரே பையன், அதனால் அவர்களுக்குள் போர் மூள முடியாது. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1962இல் இதன் துணிவு புரிகிறது. ஆனால் ஏழு பேரில் ஒரு பெண் குழந்தை இல்லை. ஒவ்வொரு பையனும் அப்பாவின் தொழிலால் அடையாளம் காட்டப்படுகிறான், அம்மாக்கள் எங்கே என்று தெரியவில்லை. ஆப்பிரிக்காவும் நம் பக்கமும் வரைபடத்தில் இல்லை. மகள் கேட்டாள்: “எட்டாவது நான் இருக்கலாமா?” இருக்கலாம் என்றேன். கதையில் அதற்கு இடம் விட்டிருக்கிறாரா என்றால், சந்தேகம்தான்.

பிந்தைய புத்தகங்களில் அந்த இடம் வருகிறது. 1971இல் வந்த ‘விளையாடுவதற்கான கதைகள்’ நூலில் ஒவ்வொரு கதைக்கும் மூன்று முடிவுகள். தனக்குப் பிடித்தது எது என்று கடைசியில் சொல்வார், அதோடு சரி. 1978இல், அவர் பிறந்த ஊரின் ஏரியில் இருக்கும் சான் ஜூலியோ தீவில் நடக்கும் ‘லம்பேர்த்தோ பிரபு’ வந்தது. 24 வங்கிகளுக்குச் சொந்தக்காரரான கிழட்டுப் பிரபு, மேல்மாடி அறைகளில் ஆறு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். அவர்கள் வேலை, இரவும் பகலும் முறைபோட்டு ‘லம்பேர்த்தோ, லம்பேர்த்தோ’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது. எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சம்பளம் நல்ல சம்பளம், சாப்பாடும் நல்ல சாப்பாடு. அவர்கள் சொல்லச் சொல்லப் பிரபு இளமையாகிக்கொண்டே போகிறார்.

இந்த நாவலைப் படித்த ஐடி ஊழியர் யாரும் இரவு நிம்மதியாகத் தூங்க முடியாது. எதற்கென்று தெரியாமல் நல்ல சம்பளத்துக்கு யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற சந்தேகம் எனக்கு ஸ்பிரின்ட் தவறாமல் வரும். 1951இன் ரொடாரி என்றால் அந்த ஆறு பேரும் கடைசியில் கொடி பிடித்திருப்பார்கள். 1978இன் ரொடாரி நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, முடிவு பிடிக்காத வாசகர்கள் தாங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். அவர் கைவிட்டது அரசியலை என்று சிலர் நினைக்கலாம். கடைசி வார்த்தை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும்தான் அவர் கைவிட்டார். ஒரு கட்சிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. 1980 ஏப்ரல் 14 அன்று, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் ரோமில் இறந்தார். வயது 59.

நான் அந்தச் செயலி வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிறது. கழுதையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மகளுக்கு இப்போது எட்டு வயது, தானே படிக்கிறாள், என் கதை தேவைப்படுவது குறைந்துவிட்டது. போன வாரம் வேலை விஷயமாக ஹைதராபாத்தில் இருந்தேன். ஒன்பது மணிக்கு அவளே கூப்பிட்டாள். கதை சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். நான் சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு நரி வடை சுட்டுக்கிட்டு இருந்துச்சாம்.”

“பாட்டிதானே சுட்டாங்க?”

“அப்பா, பாட்டிக்கு இன்னிக்கு லீவு. நீ நடுவுல பேசாத.”